கயிற்றைப் பிடித்திருப்பது யார்?



உங்களில் எத்தனை பேர் துண்டை முதுகில் கட்டிக்கொண்டு, கட்டில் மேல் ஏறி நின்று, ஒரு கையை உயரத் தூக்கிக் குதித்திருக்கிறீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள். அம்மாவிடம் போட்டுக் கொடுக்க மாட்டேன்!

நானும் டீச்சர் ஆவதற்கு முன் ஒரு சின்னப் பெண்ணாக இருந்தவள்தான். எங்கள் ஊர் டென்ட் கொட்டகையில் 'மாயாபஜார்' பார்த்தேன். அதில் கடோத்கஜன் வாயைத் திறந்தால் லட்டு தானாகப் பறந்து போய் உள்ளே விழும். மறுநாள் வீட்டில் நானும் லட்டுத் தட்டின் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் உட்கார்ந்தேன். லட்டு பறக்கவில்லை. என் தம்பி வந்து அதை எடுத்துத் தின்றுவிட்டுப் போய்விட்டான்.

அந்தப் படம் 1957ல் வந்தது. சென்னை வடபழனியில் இருந்த விஜயா-வாஹினி ஸ்டுடியோவில் எடுத்தார்கள். கேமராவைப் பிடித்தவர் மார்க்கஸ் பார்ட்லி. கம்ப்யூட்டர் கிடையாது, கிராபிக்ஸ் கிடையாது. ஆனாலும் லட்டு பறந்தது! கடோத்கஜனாக நடித்த எஸ்.வி.ரங்காராவின் பெயர் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பார்ட்லியின் பெயர் எனக்குத் தெரிய வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. இந்த வாரம் இதைப் பற்றித்தான் உங்களிடம் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு பையனின் கதை. அவன் பெயர் வேண்டாம். இப்போது அவனுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கக்கூடும்.

1998ம் வருடம். ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். இன்று அந்தப் பக்கம் போனால் கன்டெய்னர் லாரியும் கம்பெனி பஸ்ஸும்தான் கண்ணில் படும். அன்று ஏரி, நெல் வயல், வரப்பு, கிணற்று மேட்டில் பம்ப் செட் ரூம். டி.வி. இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பஞ்சாயத்து ஆபீஸ் டி.வி. முன்னால்தான் பிள்ளைகள் பாதிப் பேர் இருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் 12 மணி ஆனால் ஊரே அடங்கிவிடும். தூர்தர்ஷனில் 'சக்திமான்' வரும். உங்கள் அப்பா அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். கண்ணை விரித்துக்கொண்டு கதை சொல்வார்கள். சிவப்பு உடை, மார்பில் தங்க நிறச் சின்னம். பம்பரம் மாதிரி கிறுகிறுவென்று சுற்றுவார். சுற்றிக்கொண்டே வானத்தில் பறந்து போவார். மற்ற நேரத்தில் அவர் பல் துருத்திய, மூக்குக் கண்ணாடி போட்ட அப்பாவி கங்காதர். பத்திரிகையில் போட்டோ எடுக்கும் வேலை. இரண்டு பேரும் ஒருவரே என்று பார்க்கிற நமக்குத் தெரியும், கதையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அதில்தான் பிள்ளைகளுக்கு ஆனந்தமே!

திங்கட்கிழமை காலை பிரேயருக்கு முன்னால் எங்கள் பள்ளி மைதானத்தைப் பார்க்க வேண்டுமே! நாற்பது சக்திமான்கள் ஒரே நேரத்தில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். சுற்றிச் சுற்றித் தள்ளாடி விழுவார்கள். (ஏன் தலை சுற்றுகிறது தெரியுமா? நம் உட்காதில் மெல்லிய குழாய்களில் ஒரு திரவம் இருக்கிறது. நாம் சுற்றும்போது அதுவும் சுற்றும். நாம் நின்ற பிறகும் அது சற்று நேரம் நிற்பதில்லை. மூளை குழம்பிப் போகிறது.)

அந்தப் பையன் மைதானத்தில் சுற்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பம்ப் செட் ரூம் மொட்டை மாடியில் ஏறி நின்று, வலது கையைத் தூக்கிக்கொண்டு சுற்றினான். நாலாவது சுற்றில் கால் இடறியது. கீழே வரப்பு மண் ஈரமாக இருந்ததால் தலை தப்பியது. இடது கை முழங்கைக்குக் கீழே உடைந்தது.

மூன்றாம் நாள் மாவுக்கட்டோடு பள்ளிக்கு வந்தான். அவன் அம்மா என் முன்னால் நின்று அழுதார். "டீச்சரம்மா, நாலு அடி போடுங்க, அப்பத்தான் புத்தி வரும்" என்றார். நான் அவனிடம், "ஏன்டா கண்ணு ஏறின?" என்று கேட்டேன்.

"சுத்தினா பறக்கலாம் டீச்சர். விழுந்தாலும் அவரு வந்து புடிச்சுப்பாரு. டி.வி.ல புடிச்சாரே!"

பத்து வயதுப் பையன். கணக்கில் நூற்றுக்கு எண்பது வாங்குகிறவன். முட்டாள் கிடையாது. கண்ணால் பார்த்ததை நம்பினான், அவ்வளவுதான்.

அந்த வருடங்களில் நாட்டின் வேறு பல இடங்களிலும் பிள்ளைகள் இப்படிச் செய்து காயப்பட்டதாகப் பத்திரிகைகளில் செய்திகள் வந்தன. டி.வி.தான் காரணம் என்று ஒரு பக்கம், இல்லவே இல்லை என்று ஒரு பக்கம் பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். சக்திமானாக நடித்த முகேஷ் கன்னா தானே டி.வி.யில் தோன்றி, என்னைப் போலச் செய்யாதீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு கதை முடிந்ததும் பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம் சொல்லிக் கொடுக்கும் பகுதி ஒன்றும் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் எல்லாம் ஹிந்தியில்! எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது. பறப்பது மட்டும் எல்லா மொழியிலும் புரிந்தது. 'பறக்காதே' என்பது ஒரே மொழியில் இருந்தது.

பையனை நான் அடிக்கவில்லை. அடித்தால், யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து ஏறுவான் என்று தோன்றியது. பறப்பது எப்படி என்று காட்டிவிட்டால் என்ன?

எனக்கு அப்போது சினிமா எடுப்பதைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு பழைய புத்தகத்தில் கொஞ்சம் படித்திருந்தேன். மறுநாள் வீட்டிலிருந்து இரண்டு வெள்ளை வேட்டிகளைச் சொட்டு நீலத்தில் முக்கி எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றை வகுப்புச் சுவரில் தொங்கவிட்டோம். பிள்ளைகள் அதில் சுண்ணாம்புக் கட்டியால் மேகம் வரைந்தார்கள். இன்னொன்றை ஒரு பெஞ்சின் மேல் போர்த்தினோம். வகுப்பிலேயே ஒல்லியான பெண்ணை அந்தப் பெஞ்சில் குப்புறப் படுக்க வைத்து, கையை முன்னால் நீட்டச் சொன்னேன். இரண்டு பேர் பரீட்சை அட்டையால் அவள் முகத்துக்கு நேரே விசிற வேண்டும். இன்னும் இரண்டு பேர் சுவரில் இருந்த வேட்டியை மெதுவாகப் பின்பக்கமாக இழுக்க வேண்டும்.

மாவுக்கட்டுப் பையனைக் கூப்பிட்டு, ஓர் அட்டைப் பெட்டியைக் கையில் கொடுத்தேன். இரண்டு பக்கமும் சதுரமாக வெட்டிய பெட்டி. "இதுக்குள்ள பாருடா" என்றேன்.

பார்த்தான். பெஞ்சின் கால்கள் தெரியவில்லை. விசிறுகிறவர்கள் தெரியவில்லை. வேட்டியை இழுக்கிறவர்கள் தெரியவில்லை. நீல வானத்தில் மேகம் பின்னால் போக, முடி பறக்க, அந்தப் பெண் பறந்துகொண்டிருந்தாள்!

பெட்டியைக் கண்ணிலிருந்து எடுத்தான். பெஞ்சு தெரிந்தது. மறுபடி வைத்தான். பறந்தாள். எடுத்தான். பெஞ்சு. ஏழெட்டு முறை அப்படியே செய்தான். பிறகு ஒரு கேள்வி கேட்டான். "டீச்சர், அப்ப டி.வி.ல வெளிய நிக்கிறவங்க யாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பாட வேளையில் கூத்தடிக்கிறீர்களா என்று பெரியவர் ஒருவர் வந்து சத்தம் போட்டதால் வேட்டியைச் சுருட்டி வைத்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வியை நான் சுருட்டி வைக்கவில்லை. இன்று வரை பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். தேடியதில் கிடைத்த சிலவற்றைச் சொல்கிறேன் கேளுங்கள்.

அமெரிக்காவில் 1952ம் ஆண்டு முதல் 1958 வரை 'சூப்பர்மேன்' தொடர் டி.வி.யில் வந்தது. நாயகன் ஜார்ஜ் ரீவ்ஸ். ஆரம்பத்தில் அவரைக் கம்பியில் கட்டி மேலே தூக்கினார்கள். ஒரு நாள் கம்பி அறுந்து அவர் கீழே விழுந்தார். சூப்பர்மேனே விழுந்தார், குழந்தைகளே! அதற்குப் பிறகு வழியை மாற்றினார்கள். ஜன்னல் வழியே பாய வேண்டுமானால், கேமராவுக்குத் தெரியாமல் ஒரு ஸ்பிரிங் பலகை. அதில் கால் வைத்துத் துள்ளி, அந்தப் பக்கம் விழுவார். வானத்தில் பறக்க வேண்டுமானால், அவர் வயிற்றுக்கும் தொடைக்கும் அளவெடுத்துச் செய்த ஒரு தட்டு. அதில் குப்புறப் படுத்துக்கொள்வார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுக்கு அது அக்கா முறை! இன்னொரு வேடிக்கை: முதல் இரண்டு வருடங்கள் படம் கறுப்பு வெள்ளை. அதில் நிற வேறுபாடு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, நீலமும் சிவப்புமான சூப்பர்மேன் உடையைப் பழுப்பு, சாம்பல் நிறத்தில் தைத்திருந்தார்கள்.

1966ல் வந்த 'பேட்மேன்' தொடரில் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உயரமான கட்டடத்தின் சுவரில் நடந்து ஏறுவார்கள். பார்க்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். உண்மையில் 'சுவர்' தரையில் கிடந்தது! அவர்கள் குனிந்தபடி அதன் மேல் நடந்தார்கள். கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துவிட்டார்கள். முதுகில் இருக்கும் அங்கி தரைப் பக்கம் தொங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே? அதை மெல்லிய கம்பியால் பின்பக்கம் இழுத்துப் பிடிக்க ஆள் இருந்தது. அப்பாவின் செல்போனைச் சாய்த்துப் பிடித்து, கூடத்துத் தரையிலேயே நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஒருத்தருக்கும் கை உடையாது.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஜப்பான்காரர் ஒருவர். அவர் பெயர் பின் ஃபுருயா. 1966 ஜூலையில் அங்கே 'அல்ட்ராமேன்' தொடர் ஆரம்பமானது. 'காட்ஸில்லா' படத்தின் தந்திரக் காட்சிகளைச் செய்த எய்ஜி சுபுராயா உருவாக்கியது. அல்ட்ராமேன் 40 மீட்டர் உயரம் உள்ளவர். பதின்மூன்று மாடிக் கட்டடம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பூதம் மாதிரி மிருகங்களோடு சண்டை போடுவார். பூமியில் அவரால் 3 நிமிடம்தான் தாக்குப் பிடிக்க முடியும். நேரம் முடியப் போகிறது என்றால் மார்பில் ஒரு விளக்கு சிவப்பாக மின்னும்.

கதையில் அவருக்கு 3 நிமிடம். உள்ளே இருந்தவருக்கு எவ்வளவு? உடல் முழுவதும் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் உடை. பார்ப்பதற்கு முகமூடியில் சின்னத் துளைகள். தலைக்கு மேல் சூடான ஸ்டுடியோ விளக்குகள். அதற்குள் நின்றுகொண்டு அவர் புரண்டு, விழுந்து, எழுந்து சண்டை போட வேண்டும். காலடியில் இருக்கும் பொம்மை ஊரை, நேரம் வருவதற்கு முன் மிதித்துவிடவும் கூடாது! 39 வாரமும் அவர் முகம் ஒரு தடவைகூடத் தெரியவில்லை. அடுத்து வந்த 'அல்ட்ராசெவன்' தொடரில் முகமூடி இல்லாமல் சாதாரண மனிதராக ஒரு வேடத்தில் நடித்தார். முகத்தைக் காட்ட ஆசை இருக்காதா பின்னே?

அந்தப் பொம்மைக் கட்டடம் இடிந்து விழும்போது நிஜக் கட்டடம் போலவே கனமாக, மெதுவாக விழும். அதற்கு ஒரு சூட்சுமம். ஒரு விநாடிக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகமான படங்களை எடுத்து, சாதாரண வேகத்தில் ஓட்டுவார்கள். எல்லாம் மெதுவாகிவிடும். மெதுவாக விழுந்தால் பெரியது என்று நம் கண் நினைத்துக்கொள்கிறது.

இந்த வேகக் கேமரா நம் ஊர்ப் பக்கத்திலும் வேலை செய்கிறது, தெரியுமா? ஒரகடத்தில் மத்திய அரசு ஏற்படுத்திய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. புதிய கார்களைச் சுவரில் மோதவிட்டுப் பார்க்கும் கூடம் அங்கே உண்டு. காருக்குள் மனித அளவில் பொம்மைகள் உட்கார்ந்திருக்கும். அவற்றின் தலையில், மார்பில், காலில் எல்லாம் அடியை அளக்கும் கருவிகள். கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும் மோதலை, விநாடிக்கு ஆயிரம் படம் போல எடுத்து, பிறகு மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். சீட் பெல்ட் பிடித்ததா, காற்றுப்பை சரியான நேரத்தில் விரிந்ததா என்று தெரிந்துவிடும். சக்திமான் வந்து பிடிக்கவில்லை என்றால் யார் பிடிப்பார்? பெல்ட்தான் பிடிக்கும். அந்தப் பொம்மையையும் நான் ஒரு வீரனாகத்தான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு யாரும் ஸ்டிக்கர் போடுவதில்லை!

சரி, இப்போது எப்படிப் பறக்க வைக்கிறார்கள் என்று கேட்பீர்கள். பச்சை அல்லது நீல நிறத் திரைக்கு முன்னால் நடிகரை நிறுத்தி எடுப்பார்கள். கம்ப்யூட்டர் அந்தப் பச்சையை மட்டும் நீக்கிவிட்டு, அங்கே வானத்தையோ கடலையோ வைத்துவிடும். பச்சை ஏன்? மனிதத் தோலில் அந்த நிறம் இல்லை. நடிகர் பச்சைச் சட்டை போட்டு வந்தால் சட்டை மறைந்து தலை மட்டும் மிதக்கும். 1978ல் வந்த 'சூப்பர்மேன்' சினிமாவில் இதே சங்கடம் வந்தது. அப்போது புழக்கத்தில் இருந்தது நீலத் திரை. அவர் உடையோ நீலம்! வேறு வழி கண்டுபிடிப்பதற்குள் அந்தக் குழுவினர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

திரை மட்டும் போதாது. நடிகரை நிஜமாகவே மேலே தூக்க வேண்டும். நம் சினிமாக்காரர்கள் அதை 'ரோப் கட்டுவது' என்பார்கள். இடுப்பிலும் தொடையிலும் பெல்ட். அதில் கயிறு. கயிறு மேலே உருளையில் போய் இந்தப் பக்கம் இறங்கும். இறங்கிய முனையை நாலைந்து பேர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மாஸ்டர் 'ஒன், டூ, த்ரீ' சொன்னதும் ஒரே நேரத்தில் இழுப்பார்கள். ஒருவர் முந்தினால் நடிகர் கோணலாகப் போவார். ஒருவர் கை நழுவவிட்டால்... வேண்டாம், சொல்லவே பயமாக இருக்கிறது. பெரும்பாலும் அந்தரத்தில் தொங்குகிறவரும் கதாநாயகன் அல்ல. அவரைப் போலவே உடை போட்ட டூப். அவருக்கு முதுகைக் காட்டத்தான் அனுமதி!

படம் எடுத்து முடித்ததும் கம்ப்யூட்டரில் கயிற்றை அழிக்கிறார்கள். நம் நாட்டு டி.வி.யில் ஒரு விநாடிக்கு 25 படங்கள். பத்து விநாடி பறந்தால் 250 படங்கள். அத்தனையிலும் கயிறு இருந்த சுவடு தெரியாமல் துடைக்க வேண்டும். யாரோ ஒரு அண்ணனோ அக்காவோ ராத்திரி முழுக்கக் கண் விழித்து உட்கார்ந்து துடைக்கிறார்கள். நன்றாகத் துடைத்திருந்தால், அப்படி ஒருவர் இருந்ததே நமக்குத் தெரியாது.

என் மனதை உறுத்துவது இதுதான். கயிறு மறைவது கதைக்காக. அது தப்பில்லை. ஆனால் கயிறு மறையும்போது அதைப் பிடித்திருப்பவரும் சேர்ந்து மறைந்து போகிறார். அதனால் இரண்டு பேருக்கு நஷ்டம். ஒருவர், மொட்டை மாடியில் ஏறும் பிள்ளை. கயிறு இல்லாமலே பறக்கலாம் என்று நினைத்துவிடுகிறது. இன்னொருவர், கயிற்றைப் பிடித்தவர். அவருக்கு என்ன ஆனாலும் யாருக்கும் தெரிவதில்லை.

தூரத்தில் நடக்கும் விஷயம் அல்ல இது. பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில், செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஒரு பெரிய படப்பிடிப்பு வளாகம் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். 2020 பிப்ரவரி 19ம் தேதி இரவு, 'இந்தியன் 2' படப்பிடிப்புக்காக விளக்குகளைத் தூக்கியிருந்த கிரேன் அங்கே சாய்ந்து விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். மூவருமே திரைக்குப் பின்னால் வேலை செய்தவர்கள். 2024 ஜூலையில் சென்னை சாலிகிராமத்தில் ஒரு படப்பிடிப்பில், சண்டைக் கலைஞர் ஒருவர் சுமார் 20 அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். இதையெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். உங்களை அழ வைக்க அல்ல. டி.வி.யில் விழுகிறவர் அடுத்த வாரம் எழுந்து வந்துவிடுகிறார்; டி.வி.க்கு வெளியே அப்படி இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் புரியும் என்று நினைக்கிறேன். உங்கள் அப்பாவோ சித்தியோ அண்ணனோ ஷிப்டுக்குப் போகிறவர்கள்தானே? 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளியே வந்தது. 2007ல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலை வேலையைத் தொடங்கியது. நீங்கள் வீட்டில் பார்க்கும் டி.வி. பெட்டியே அங்கே செய்ததாக இருக்கலாம். 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் வந்தது. என்னிடம் படித்த ஒரு பெண் பிள்ளை ஒருநாள் ரோட்டில் போன காரைக் காட்டி, "டீச்சர், இது எங்கப்பா கார்!" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்கப்பாதான் இதுக்குக் கதவு மாட்டினாரு" என்றாள். எவ்வளவு சரியாகச் சொன்னாள்! காரின் மேல் கம்பெனி பெயர்தான் இருக்கும். கதவு மாட்டியவர் பெயர் இருக்காது. அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும்.

தொழிற்சாலையிலும் உயரத்தில் ஏறுகிறவர்கள் பெல்ட் போடுகிறார்கள், ஹெல்மெட் போடுகிறார்கள். பெல்ட் போடாமல் ஏறினால் சூப்பர்வைசர் கத்துவார். எதற்கு? வீரம் இல்லை என்பதாலா?

டி.வி. நிகழ்ச்சி எடுக்கும் பெரியவர்களுக்கு இந்தப் பக்கத்தின் மூலம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பிள்ளைகளுக்கான பறக்கும் கதை எடுக்கிறீர்கள், நன்றாக எடுங்கள். கதை முடிந்ததும் இரண்டே நிமிடம், எப்படிப் பறந்தார் என்று காட்டுங்கள். பெல்ட்டைக் காட்டுங்கள். கயிற்றைக் காட்டுங்கள். பிடித்திருந்தவர்களை வரிசையாக நிற்க வைத்து, பெயர் சொல்லி, ஒரு கும்பிடு போடச் சொல்லுங்கள். அந்தந்த மொழியிலேயே சொல்லுங்கள். ரகசியம் தெரிந்தால் பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள் என்று பயப்படாதீர்கள். எங்கள் வகுப்பில் பெட்டியைக் கண்ணிலிருந்து எடுத்துப் பெஞ்சைப் பார்த்த பிறகும், அந்தப் பையன் ஏழெட்டு முறை பெட்டியைத் திரும்பக் கண்ணில் வைத்தானே! ரகசியம் தெரிந்த பிறகு அவனுக்குப் பார்ப்பதில் ஆசை கூடியதே தவிரக் குறையவில்லை.

கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலையாவது படிக்கிற வேகத்தில் ஓட்டக்கூடாதா? இப்போது அது ரயில் மாதிரி ஓடுகிறது. செல்போனில் பார்த்தால் பெயர் ஆரம்பிக்கும்போதே அடுத்த கதைக்குத் தாவிவிடுகிறது. இது எனக்குத் தனிப்பட்ட முறையிலேயே பெரிய எரிச்சல்!

'சக்திமான்' 2005ல் நின்றது. 2020ல் கொரோனா ஊரடங்கின்போது தூர்தர்ஷன் அதை மறுபடி ஒளிபரப்பியது. அப்போது ஒருநாள் எனக்கு ஒரு போன். "டீச்சர், நான்தான், மாவுக்கட்டு" என்றது ஓர் ஆண் குரல். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் இயக்குகிறானாம். வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சக்திமான் பார்த்துக்கொண்டிருந்தானாம். "பையன் கேக்கறான் டீச்சர், அப்பா இவரு எப்படிப் பறக்கறாருன்னு. நம்ம வேட்டிய எப்படி நீலமாக்கினீங்க? எவ்ளோ சொட்டு விட்டீங்க?" என்று கேட்டான். பத்துச் சொட்டு என்று சொன்னேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அரை பாட்டில் ஊற்றியிருந்தேன். அந்த இரண்டு வேட்டியும் அதற்குப் பிறகு வெள்ளையாகவே இல்லை.

உங்களுக்கு இந்த வாரம் ஒரு வேலை. உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு சாகசக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அது முடியும்போது எழுந்து ஓடாதீர்கள். பெயர்ப் பட்டியலில் நடிகர், இயக்குநர் தவிர வேறு மூன்று பேரின் பெயரையும், அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வேலை என்னவென்று புரியாவிட்டால் வீட்டில் கேளுங்கள், பள்ளியில் டீச்சரிடம் கேளுங்கள். ஒரு தபால் அட்டையில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். உங்கள் வீட்டில் ஷிப்டுக்குப் போகிறவர் என்ன வேலை செய்கிறார் என்பதையும் அதே அட்டையில் நாலாவதாக எழுதுங்கள். பெயர் எழுத மறக்காதீர்கள். எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தத்தான் செய்வேன், பழக்கம் விடவில்லை!

அன்புடன்,
உங்கள் டீச்சர்